‘ஓடுது’ அண்ணன்

போன வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கடம்பூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை உற்று உற்றுப் பார்த்தாள். “இசக்கி அக்காட்ட ப்ளவுஸ் கொடுக்க வந்தப்ப ஒங்கள அங்கன பாத்திருக்கேன். நீங்க ‘ஓடுது’ அண்ணனோட தங்கச்சிதான?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அவள் என் அண்ணனை ஒருநாளும் பார்த்தது கிடையாது. அவன் பெயரும் அவளுக்குத் தெரியாது. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது; கூடவே அழுகையும் வந்தது. “அவன் பேரு மாயகிருஷ்ணன்” என்றேன். “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டாள். பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறிப் போய்விட்டாள்.

ஐம்பது வயதைத் தாண்டி வாழ்ந்த ஒரு மனுசனை உலகம் ஒரே ஒரு சொல்லாக வைத்துக்கொண்டிருக்கிறது. அவன் போன பிறகு அந்தச் சொல் அவன் குரலிலேயே வீடியோவில் வர வேண்டுமா, வேண்டாமா என்று எனக்கும் என் மதினிக்கும் பெரிய சண்டை நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவன் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாவிட்டால் வேறு எவரும் சொல்லப்போவதில்லை.

எங்களுக்குக் கடம்பூர் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா ஆடு வைத்திருந்தார். பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவோம். அண்ணன் சின்ன வயசிலிருந்தே பேசமாட்டான். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். பேச வேண்டிய அவசியம் அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது “உள்ளேன் ஐயா” என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குவான். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டே வாசிப்பார். ஆகவே வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே அவன் பாதி நாள் ஆப்சென்ட். ஆட்டைக்கூட வாயால் கூப்பிடமாட்டான், நாக்கைச் சொடுக்குவான். ஆடுகளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கும். நான் அவனுக்கும் சேர்த்துப் பேசிப் பேசித்தான் இப்படி வாயாடி ஆனேன் என்று அம்மா சொல்லுவாள்.

அவன் வாயைத் திறந்தது கோவில்பட்டியில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போன பிறகுதான். மில்லுக்குள் மிஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லாம் கைச்சாடைதான், இல்லையென்றால் ஒற்றைச் சொல். மேஸ்திரி வரிசையாக வந்து ஒவ்வொரு மிஷினாக, “ஓடுதா?” என்று கத்திக் கேட்பார். “ஓடுது!” என்று நிற்கிறவன் திருப்பிக் கத்த வேண்டும். எங்கள் அண்ணனுக்காகவே செய்துவைத்த உத்தியோகம் என்று நான் கேலி செய்வேன். ஒரு ஷிப்டுக்கு ஒரு சொல் போதும்.

அந்தச் சொல் அவனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. “எப்படிண்ணே இருக்க?” என்று கேட்டால் “ஓடுது.” மழை இல்லாமல் உளுந்து காய்ந்துபோன வருசம் அப்பா மில் வாசலுக்கே வந்து, “வேலையெல்லாம் எப்படிலே?” என்று கேட்டபோதும் “ஓடுது” என்றுதான் சொன்னான். எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவனிடம், “பையன் எப்படிண்ணே?” என்று ஆசை ஆசையாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஓடும்” என்றான். இத்தனை வருசமாகிறது, என் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தையை நானும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு இசக்கிசெல்வி வந்து வாய்த்தாள். மதினி பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்தமாட்டாள். நன்றாகத் தைப்பாள். கழுத்தில் எப்போதும் மஞ்சள் டேப் மாலை மாதிரி கிடக்கும். மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் அவர்கள் வீட்டு முன் அறைதான் தையல் கடை. அளவு கொடுக்க வந்த பெண்கள் அளவு கொடுத்து முடித்த பிறகும் போகமாட்டார்கள், பேச்சு அப்படி. அண்ணன் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்து, ஓரமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே ஊக்கு தைத்துக் கொடுப்பான். குழந்தை இல்லை. அதற்கு ஊர் பேசியதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பேசியவர்கள் இப்போதும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் பெருமை வேண்டாம். அந்த வீட்டில் சிரிப்புக்கு மட்டும் ஒருநாளும் குறை இருந்ததில்லை. நான் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

கொரோனாவில் மில்லை அடைத்தார்கள். தையலுக்கும் ஆள் வரவில்லை. விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாடிக்கைக்காரப் பெண் போன் செய்து, ப்ளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது, இங்கே பஸ்ஸும் இல்லை, எப்படிப் பிரித்து விடுவது என்று கேட்டாள். மதினி போனிலேயே சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. சரி, படம் பிடித்து அனுப்பிவிடுவோம் என்று அண்ணனிடம் போனைக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயரைப் பெண்கள் சொல்லும் வழக்கம் இல்லை. மதினியும் சொல்லமாட்டாள்; நேரில் ‘இந்தாங்க’, மற்றவர்களிடம் ‘அவிய’. “இந்தாங்க, ஓடுதா?” என்று கேட்டாள், வீடியோ ஓடுகிறதா என்ற அர்த்தத்தில். அண்ணன் மில்லில் நின்றே பழகியவன் அல்லவா, முழுத்தொண்டையில், “ஓடுது!” என்றான். மதினி திடுக்கிட்டு, பிறகு சிரித்துவிட்டு, “ஏந்தான் இந்தக் கத்து கத்துதாவளோ” என்று முணுமுணுத்துக்கொண்டே தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் அதை நாலு பேருக்கு அனுப்பினாள். அந்த நாலு பேர் நாப்பது பேருக்கு அனுப்பினார்கள். யாரோ சொல்லி அண்ணனும் மதினியும் அதை யூடியூபில் போட்டார்கள். ‘இசக்கி டைலர்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னாலும் பின்னாலும் வெட்டிவிட்டுப் போட வேண்டும் என்று இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வீடியோவும் “இந்தாங்க, ஓடுதா?” “ஓடுது!” என்றுதான் தொடங்கும். முதலில் பார்த்தவர்களுக்கு எது ஓடுகிறது என்றே புரியவில்லை. தையல் மிஷினைக் கேட்கிறார்கள் என்று ஒரு கட்சி, போனைக் கேட்கிறார்கள் என்று இன்னொரு கட்சி, கமெண்டில் அடித்துக்கொண்டார்கள்.

சேனல் கொஞ்சம் பெரிதானதும் லிங்கராஜ் வந்தான். மெயின் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான், கல்யாண வீடியோ எடுக்கிறவன். நல்ல பையன்தான், ஆனால் பேச்சில் இங்கிலீஷ் கூடுதல். “அக்கா, இது ஒரு பிராண்டு மாதிரி ஆகணும். ஒரே சுவரு, ஒரே கலரு, ஒரே மாதிரி ஆரம்பம். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் இது இசக்கி அக்கான்னு தெரியணும். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தினா ஜனங்க மனசுல நிக்க மாட்டீங்க” என்றான். மதினிக்கு அது நன்றாகப் புரிந்தது. “நம்ம தீப்பெட்டி லேபிள் மாதிரி சொல்லுதீங்க. படத்த மாத்தினா கடைக்காரன் இது அந்தப் பெட்டி இல்லன்னு திருப்பிருவான்” என்றாள். சுவருக்கு நீலம் அடித்தார்கள். கழுத்தில் மஞ்சள் டேப்பை எப்போதும் விடக்கூடாது என்று முடிவாயிற்று. எல்லாம் சரி. ஆனால் ஆரம்பத்தில் இருந்த அந்தக் கேள்வியையும் பதிலையும் வெட்டிவிட்டு, அங்கே ஒரு மியூசிக்கைப் போட்டான் லிங்கராஜ்.

ஜனங்கள் விடவில்லை. “அண்ணன் எங்கே?” “அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?” “‘ஓடுது’ இல்லாம நாங்க பார்க்க மாட்டோம்.” மியூசிக் ஒரே வீடியோவோடு ஓடிப்போயிற்று. லிங்கராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா, ஒங்க பிராண்டு டேப்பும் இல்ல, சுவரும் இல்ல. அண்ணன்தான்” என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வகுப்பில் பாதி நாள் ஆப்சென்ட் ஆனவனை ஊரே ஹாஜர் கேட்கிறது!

அண்ணனுக்கு அது தலைக்கு ஏறிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். குளிக்கும்போது உள்ளேயிருந்து “ஓடுது… ஓடுது… ஓடுதூ” என்று விதவிதமாகச் சத்தம் வரும். ஒருநாள் வீடியோவில் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, “ஓடு…கிறது” என்றான். மதினி சிரித்த சிரிப்பில் அன்றைக்கு வெட்டிய ப்ளவுஸ் கை கோணலாகப் போயிற்று. “யாரு இந்தப் புது ஆளு?” என்று கமெண்டில் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு பழையபடியே கத்தினான்.

முகத்தை மட்டும் காட்டவே மாட்டான். தேடிக்கொண்டு வருகிறவர்கள் செல்பி கேட்டால் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில் போய் நின்றுகொள்வான். ஒருமுறை நாங்கள் மூவரும் கடம்பூரில் போளி வாங்க நின்றோம். கடைக்காரர் பழகினவர். “என்ன அண்ணாச்சி, எப்படிப் போகுது?” என்றார். அண்ணன் வழக்கம்போல “ஓடுது” என்றான். போளி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. “ஏட்டி, அந்தக் குரலு!” என்று ஒரு அம்மா கையிலிருந்த போளியோடு எழுந்து வந்தார். அண்ணன் பொட்டலத்தைக்கூட வாங்காமல் ஸ்டேஷனைப் பார்த்து ஓட்டமாக நடந்துவிட்டான். “இப்பத்தான் நெசமாவே ஓடுதாவ” என்று மதினி சொல்ல, அந்த அம்மாவும் நாங்களும் சேர்ந்து சிரித்தோம். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போளியைத் தின்றுகொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்தது குறைவு. வெளியே மழை பெய்து கரிசல் முழுக்கக் கருகருவென்று நனைந்து கிடந்தது.

அடுத்த ஐப்பசியில் அவன் இல்லை. மில்லுக்குள் நுழைகிறபோது சைக்கிள் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை விவரமாக எழுத என்னால் முடியவில்லை, எழுதவும் மாட்டேன்.

மதினி போனைத் தொடவில்லை. தை பிறந்த பிறகு மெல்ல மிஷினில் உட்கார்ந்தாள், தைப்பாள், பேசமாட்டாள். அந்த வீட்டில் பேச்சில்லாமல் மிஷின் மட்டும் ஓடுகிற சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. இனிமேல் இவள் முகத்தை வீடியோவில் காட்டலாமா, பொட்டு வைக்கலாமா என்று தெருவில் இரண்டு பேர் ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு என் ஒருத்தி வாய் போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து ஆராய்ச்சி நின்றுவிட்டது.

பங்குனியில் ஒரு மத்தியானம் லிங்கராஜ் லேப்டாப்போடு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அதைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான்: “அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பழைய வீடியோவுல இருந்து அண்ணன் சொன்ன ‘ஓடுது’ எல்லாத்தையும் தனித்தனியா எடுத்துச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். நீங்க எப்பவும்போலக் கேளுங்க. நான் அந்த எடத்துல அண்ணன் குரலைச் சேத்து விட்டுருதேன். ஜனங்க கேக்குறாங்கக்கா. இத்தன வருசமா மனசுல நின்ன ஆரம்பம், அத விட்டுட்டா சேனல் வேற எதுவோ மாதிரி ஆயிரும்.”

அவன் குரல்! அது இன்னும் இருக்கிறது, இனிமேலும் வரும், வாரா வாரம் வரும். எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. பசித்தவளுக்குச் சோற்று வாசனை வந்த மாதிரி இருந்தது.

மதினி, “போடுங்க, கேப்போம்” என்றாள். அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். ஓடுது. ஓடுது. ஓடுது. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அழுதுகொண்டிருந்தேன். மதினி அழவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டாள்.

“இது ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்துட்டு வந்து சொன்னது. நிக்க முடியாம நின்னாவ” என்றாள். அடுத்ததற்கு, “இது எங்கூடச் சண்ட. அன்னைக்குப் பூராவும் இந்த ஒரு வார்த்ததான் எங்கிட்டப் பேசினாவ” என்றாள். இன்னொன்றுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. “வாயில கடலமிட்டாய் கெடக்கு. கேக்குதா? கடிச்சிக்கிட்டே சொல்லுதாவ.” லிங்கராஜ் லேப்டாப்பைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான். “எத வைக்கட்டும்க்கா?” என்று கேட்டான்.

“எதையும் வைக்காண்டாம் தம்பி” என்றாள் மதினி. “இதெல்லாம் அன்னன்னைக்கு நான் கேட்டதுக்கு அன்னன்னைக்கு அவிய சொன்னது. இன்னைக்கு நான் கேக்குததுக்கு இது எப்படிப் பதிலாகும்?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. “மதினி, ஒங்களுக்கென்ன, அவன் பேச்ச தெனமும் பக்கத்துல இருந்து கேட்டீங்க. எனக்கு இந்த ஒரு சொல்லுதான் இருக்கு. ஊருக்கும் இதுதான் இருக்கு. இதயும் நிப்பாட்டிட்டா அவன் எங்கன இருப்பான்? ஒங்க அண்ணனா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?” என்று கத்தினேன். லிங்கராஜ் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டான். நான் செருப்பைக் காலில் மாட்டியும் மாட்டாமலும் வந்துவிட்டேன்.

சித்திரை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் என் போனில் பழைய வீடியோக்களைப் போட்டு ஆரம்பத்தை மட்டும் கேட்பேன், நிறுத்துவேன், மறுபடி கேட்பேன். மதினி சொன்ன பிறகு எனக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது. களைப்பு எது, கோபம் எது, மிட்டாய் எது என்று தெரிந்தது. அதுதான் பெரிய தொந்தரவாகப் போயிற்று. இவற்றில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வாரமும் ஒட்டினால், சண்டை போட்ட அன்றைக்குச் சொன்னதையே அவன் காலத்துக்கும் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமே என்று இருந்தது. இருந்தாலும் மதினி சொன்னது சரி என்று நான் வாய்விட்டு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ஒருநாள் காலையில் மதினியே என் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் டேப் கிடந்தது. வாசலில் நின்றபடியே, “ஏட்டி சுந்தரி, வா. போனப் பிடிக்க ஆளில்ல” என்றாள்.

“ஸ்டாண்டு இருக்கே, லிங்கராஜ் கொடுத்தது” என்றேன், இன்னும் முறுக்கிக்கொண்டு.

“ஸ்டாண்டப் பாத்துப் பேச எனக்கு வரல” என்றாள். அதற்கு மேல் என்னால் முறுக்கிக்கொள்ள முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே போனேன்.

நீலச் சுவர் அப்படியே இருந்தது. அண்ணன் நிற்கிற இடத்தில் என்னை நிற்க வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி, இல்லை, இன்னும் இங்கன, என்று கையைப் பிடித்து நகர்த்தினாள். பிறகு போய் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, துணியை விரித்து, டேப்பைச் சரிசெய்துகொண்டாள். நான் பட்டனை அமுக்கினேன். திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன.

மதினி நிமிர்ந்து பார்த்தாள். “ஓடுதா?” என்று கேட்டாள்.

‘இந்தாங்க’ இல்லை. அது என்னைக் கேட்ட கேள்வி. சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஊரெல்லாம் பேசித் திரிகிற வாய், அவனுக்கும் சேர்த்துப் பேசிய வாய், அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று அடைத்துக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் நான் தலையாட்டியதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் பேசவில்லை. நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு ஆட்டோ போனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, இன்னைக்குப் பின்கழுத்து எப்படி எறக்குததுன்னு பாப்போம். முதல்ல துணிய நாலா மடிச்சிக்கிடுங்க” என்று தொடங்கினாள். பேசப் பேசப் பழைய வேகம் வந்தது. நடுவில் கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தேடி, தன்னையே திட்டிக்கொண்டாள். நான் சத்தம் வராமல் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவை லிங்கராஜுக்கு அனுப்பினோம். மாலையில் அவன் போன் செய்தான். மதினி மிஷினில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நல்லா வந்திருக்கு. ஆனா ஆரம்பத்துல நீங்க ஓடுதான்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிக்குதீங்க. சத்தமே இல்ல. பாக்குறவங்களுக்குப் போன் நின்னுபோச்சோன்னு தோணும். அந்த எடத்த மட்டும் வெட்டிரட்டுமா?”

மதினி வாயில் இருந்த நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, “வெட்டிராதீங்க தம்பி” என்றாள். “அது அவிய சொல்லுத எடம்.”